கரையை உடைத்தவர் யார்?

"இதைச் செய்தது யார்?"

மலையைக் கண்டாலும் மடுவைக் கண்டாலும் குழந்தை கேட்கும் முதற்கேள்வி இது. மனித இனம் அறிவின் கதவைத் தட்டியதும் இதே கேள்வியால்தான். கேள்வி ஒன்று, விடைகளோ இரண்டு வகை. தேடிக் கண்டறிந்த விடை ஒன்று. தேடாமலே தூக்கிக் கொடுத்துவிடும் விடை மற்றொன்று. முதல் விடைக்கு உழைப்பு வேண்டும், பொறுமை வேண்டும், பிழை தெரிந்தால் திருத்திக்கொள்ளும் நேர்மை வேண்டும். இரண்டாவது விடைக்கு ஏதும் வேண்டியதில்லை. ஒரு பெயர் போதும். பீமன் என்று சொன்னாலும் சரி, பரமன் என்று சொன்னாலும் சரி, கேட்ட குழந்தை வாயடங்கிவிடும்.

"சொல்லிவிட்டுப் போகட்டுமே! கதைதானே! அதனால் யாருக்கு என்ன கேடு?" என்று கேட்போர் உண்டு. இவர்கள் கொடியவர்கள் அல்லர். படித்தவர்கள், பண்பாளர்கள், நம்மோடு கைகுலுக்குபவர்கள். ஆகவே இவர்களுடைய கேள்வியை எள்ளி நகையாடி ஒதுக்கிவிட முடியாது. பொய்யான காரணத்தை நம்புவது அறியாமை மட்டும்தானா? அல்லது அது ஓர் அறக்கேடும் ஆகுமா? இதை வெறும் வாதத்தால் முடிவு செய்யாமல், ஆற்றங்கரை ஒன்றில் நின்று ஆராய்வோம். முதலில் வங்கத்தின் ஓர் ஆற்றங்கரை. பிறகு நம் தமிழகத்தின் ஓர் ஆற்றங்கரை.

மேற்கு வங்கத்தில், மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்தில், கார்பேட்டா என்றோர் ஊர். அதன் அருகே சிலாபதி என்னும் ஆறு வளைந்து செல்கிறது. வளைவின் ஒரு கரையில் கங்கனி என்ற இடம். மேலே நின்று பார்த்தால் சமநிலம். நான்கடி முன்னே சென்றால் கீழே செம்பாதாளம்! ஏறத்தாழ 70 அடி ஆழத்துக்கு நிலம் பிளந்து கிடக்கிறது. சிவப்பும் மஞ்சளும் வெண்மையும் மாறிமாறித் தீட்டிய சுவர்கள். கோபுரம் போன்ற முகடுகள். குகை போன்ற குடைவுகள். தூண் போன்ற திட்டுகள். மாலைக் கதிரவன் ஒளி வீசும் வேளையில் கரை முழுதும் கனல் பற்றியது போலத் தோன்றும். "வங்கத்தின் கிராண்ட் கேன்யன்" என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். காண வருவோர் பலர். கீழே இறங்கப் படிகளும் உண்டு.

இதைச் செய்தது யார்? அவ்வூர்க் கதை விடை தருகிறது: பீமன்! பாண்டவர் வனத்தில் திரிந்த காலத்தில், ஊராரை நாளொருவராகத் தின்றுவந்த பகாசுரனைப் பீமன் எதிர்த்தானாம். இருவரும் கட்டிப் புரண்டனராம். அவர்கள் மோதிய வேகத்தில் பூமி பிளந்ததாம். அந்தப் பிளவே கங்கனியாம்!

நிலநூல் தரும் விடை வேறு. அங்குள்ள செம்பாறை நமக்குப் புதியதன்று. புதுக்கோட்டைச் சீமையிலே செம்புறாங்கல் என்று வழங்குகிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்தது. வெட்டி எடுக்கும்போது மண் போலப் பணியும். வெயிலும் காற்றும் பட்டபின் கல்லாய் இறுகும். 1807இல் வெளிவந்த தம் பயண நூலில், கேரளத்து அங்காடிப்புரத்தில் கண்ட இக்கல்லுக்குப் பிரான்சிஸ் புக்கானன் என்பவர் 'லாட்டரைட்' எனப் பெயரிட்டார். இலத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. வெப்பமும் மழையும் மிகுந்த நாடுகளில், நீண்ட நெடுங்காலம் மழைநீர் பாறையின் ஊடே இறங்கி, கரையக்கூடிய பொருள்களையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. கரையாத இரும்பும் அலுமினியமும் எஞ்சிநின்று இறுகுகின்றன. அந்த இரும்பு ஏறிய துருவே செந்நிறம்.

மேலே இறுகிய செங்கல் ஓடு. கீழே இளகிய களிமண். ஆறு வளையும் இடத்தில், வளைவின் வெளிப்புறக் கரையில்தான் நீர் விசையோடு மோதும். அது அடிக்களியை அரிக்கிறது. அடி போனபின் மேலோடு தாங்குவாரின்றித் தொங்குகிறது. ஒரு நாள் இடிந்து விழுகிறது. மேலிருந்து மழைநீர் கீறிய சிறு கீறல்கள் சால்களாகின்றன, சால்கள் ஓடைகளாகின்றன, ஓடைகள் ஒன்றோடொன்று கூடும்போது இடையே சிக்கிய நிலம் முகடாகவும் தூணாகவும் நிற்கிறது. பீமன் இல்லை, பகாசுரனும் இல்லை. ஆறும் மழையும் காலமும், இவைதாம் அங்கே வேலை செய்த மூவர். இன்றும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

"அழகைக் கெடுத்துவிட்டீர்களே! வியப்பைக் கொன்றுவிட்டீர்களே! துருவும் களிமண்ணும்தானா மிச்சம்?" என்று கலைநெஞ்சர் கடிந்துகொள்வார். எண்ணிப் பார்க்கட்டும். மலையைப் புரட்டும் தோளுடையவன் ஒருவன், ஒரு நாளில், ஓர் அடியில் நிலத்தைப் பிளந்தான் என்பதில் என்ன வியப்பு இருக்கிறது? வலியவன் வன்மையைக் காட்டினான், அவ்வளவே! உள்ளங்கையில் ஏந்தினால் விரலிடுக்கில் ஒழுகிவிடும் நீர், எந்தத் தோளும் இல்லாத நீர், துளித்துளியாய் விழுந்து, தலைமுறை தலைமுறையாய்த் தேய்த்து, கல்லைக் கோபுரமாக்கியதே, அதுவன்றோ வியப்பு! அமெரிக்காவிலே கொலராடோ ஆறு குடைந்த கிராண்ட் கேன்யன் ஒரு மைலுக்கும் மேற்பட்ட ஆழமுடையது. ஆறு அதைக் குடைய ஐம்பது அறுபது இலட்சம் ஆண்டுகள் ஆயின என்பர் ஆய்வாளர். அதன் அடியில் கிடக்கும் பாறைகளின் வயதோ ஏறத்தாழ 180 கோடி ஆண்டு! அங்கும் "நோவா காலத்துப் பெருவெள்ளம் ஓராண்டில் வெட்டியது" என்று சாதிக்கும் மதவாதிகள் இன்றும் இருக்கிறார்கள். நாற்பது நாள் மழை பெரிதா, அறுபது இலட்சம் ஆண்டு உழைப்பு பெரிதா? புராணம் உலகைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்பது பொய். புராணம் உலகைச் சிறிதாக்குகிறது. ஸ்காத்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் 1788இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இன்று நம் கண்முன் நடக்கும் அரிப்பும் படிவுமே போதிய காலம் கிடைத்தால் மலையையும் சமவெளியாக்கும் என்று காட்டினார். அன்றுதான் மனிதன் காலத்தின் ஆழத்தை முதன்முதலாக எட்டிப் பார்த்தான். எந்தப் பாதாளத்தையும் விட அந்த ஆழம் பெரிது.

ஆக, அறிவால் அழகு குறையவில்லை. ஆயினும் "கேடு என்ன?" என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. அதற்கு விடை வேண்டுமாயின் வங்கத்தை விட்டுத் தமிழகம் வரவேண்டும். இங்கும் ஒரு கரை உடைந்த கதை உண்டு; அந்தக் கதை தொடங்குமிடம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவில்.

வெள்ளாற்றங்கரைச் சீமையிலே அமைந்த அவ்வூருக்குத் திருப்பெருந்துறை என்பது பழம்பெயர். பாண்டியனின் அமைச்சரான வாதவூரர், குதிரை வாங்க அரசன் கொடுத்த பொருளோடு அங்கே வந்தார். குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார். பொருளையெல்லாம் கோயிலுக்குச் செலவிட்டார். வரிப்பணம் போயிற்று, குதிரை வரவில்லை. பிறகு நரிகள் பரிகளாயின. இரவிலே பரிகள் மீண்டும் நரிகளாயின. சினங்கொண்ட அரசன் அமைச்சரை வையை மணலில் சுடுவெயிலில் நிறுத்தினான். அடியவர் துயர் பொறாத ஆண்டவன் வையையில் வெள்ளத்தை விட்டான், கரை உடைந்தது, மதுரை கலங்கியது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையடைக்க வேண்டும் என்று அரசாணை பிறந்தது. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் கிழவிக்குப் பிள்ளையும் இல்லை, ஆளும் இல்லை. உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசி ஆண்டவனே கூலியாளாக வந்தான், பிட்டைத் தின்றான், ஆடினான், பாடினான், உறங்கினான். அரசன் பிரம்பால் அடிக்க, அந்த அடி அரசன் முதல் அனைத்துயிர் முதுகிலும் விழுந்தது. ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைந்தான். கரை அடைபட்டது. இதுதான் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல்.

நரி பரியாகுமா என்று கேட்டுச் சிரிப்பது எளிது. அந்தச் சிரிப்பைப் பலமுறை சிரித்தாகிவிட்டது. அதைவிட ஆழமான கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கதையை நம்புகிற மனம் எந்த அறத்தைக் கற்றுக்கொள்கிறது?

ஒருவர் பொருட்டு ஊரே வெள்ளத்தில் தத்தளிக்கிறது. வாதவூரரை வெயிலில் நிறுத்தியவன் பாண்டியன். அவன் அரண்மனையில் மின்னல் விழவில்லை. அவன் கால் முடங்கவில்லை. தண்ணீர் புகுந்தது மதுரை மக்கள் வீட்டில்! குதிரைப் பணத்தைப் பற்றி அறியாத குயவன், நெசவாளி, உழவன், அவர்தம் குழந்தை, இவர்கள் செய்த குற்றம் என்ன? இவ்வாறு ஒரு மனித அரசன் செய்திருந்தால் கொடுங்கோலன் என்போம். ஆண்டவன் செய்தான் என்றதும் 'விளையாடல்' என்கிறோம்! பொய்க் காரணம் செய்யும் முதற்கேடு இதுதான்: கொடுமைக்குப் புதுப்பெயர் சூட்ட நம்மைப் பழக்குகிறது.

இரண்டாவது கேடு இன்னும் நுட்பமானது. கரையை அடைத்தது யார்? கதையிலேயே விடை இருக்கிறது. வீட்டுக்கு ஓராளாக வந்த ஆயிரமாயிரம் பேர், இடுப்பளவு நீரில் நின்று, கூடை கூடையாய் மண் சுமந்து, தத்தம் பங்கை அடைத்து முடித்தனர். அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? தெரியாது. யாருடைய பெயரைப் போற்றுகிறோம்? பிட்டைத் தின்று, உறங்கிவிட்டு, கடைசியில் ஒரு கூடை கொட்டியவரை! சுமந்தவர்களை மறந்தோம், சுமக்காதவரைப் பாடினோம். ஊர் முழுதும் சுமந்த மண், ஒருவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. உழைப்பின் ஊதியத்தைப் பறிப்பது ஒரு கொள்ளை. உழைப்பின் பெயரையே பறிப்பது அதனினும் பெருங்கொள்ளை.

இது பழங்கதையோடு நிற்கவில்லை. கரை உடைந்தால் ஊதியமின்றி ஆள் பிடிக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஏரியோ ஆறோ கரை உடையும் ஆபத்து நேர்ந்தால், அக்கம்பக்கத்து உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த ஆண்களை அழைத்து வேலை வாங்கலாம் என்றது அது. கவனியுங்கள்: நிலத்துக்கு உடையவரை அன்று, உழைக்கும் வகுப்பாரை! வயல் ஒருவருடையது, வரப்பைக் காக்க முதுகு வேறொருவருடையது. வந்தியின் காலத்திலிருந்து வெள்ளையன் காலம்வரை, வெள்ளம் வந்தபோதெல்லாம் மண் சுமந்தவர்களின் முகம் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

ஆவுடையார்கோவிலின் கொடுங்கையைப் பாருங்கள். கருங்கல்லை மரம் போல இழைத்து, சட்டமும் ஆணியும் வைத்துத் தச்சன் வேய்ந்த கூரையோ என மயங்கும்படி செதுக்கியிருக்கிறார்கள். பிற்காலச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" என்று எழுதிக்கொள்வார்களாம். அதுபோல எம்மால் ஆகாது என்பது அதன் பொருள். அவ்வளவு அருமையான வேலை! கோயிலைக் கட்டியவர் வாதவூரர் என்பது மரபு. காரணமானவன் இறைவன் என்பது நம்பிக்கை. உளி பிடித்தவன்? கல்துகள் கண்ணில் விழ, விரல் காய்த்துப்போக, ஒரு கீற்று பிசகினால் மாதக்கணக்கான உழைப்பு பாழாகும் என்ற அச்சத்தோடு அந்தக் கல்லைத் தகடாக்கியவன்? அமைச்சரின் கதையைச் சொல்லும் நாக்குகளில் அவன் பெயர் இல்லை. கங்கனியில் ஆற்றின் வேலையைப் பீமன் எடுத்துக்கொண்டான். ஆவுடையார்கோவிலில் சிற்பியின் வேலையைத் தெய்வம் எடுத்துக்கொண்டது. ஆற்றுக்கு அதனால் இழப்பில்லை, சிற்பிக்கு இழப்பு. சிற்பியின் மக்களுக்கும் இழப்பு.

கங்கனியிலேயும் இதைக் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தங்கள் நிலவுரிமை பறிக்கப்பட்டதை எதிர்த்து, அந்தக் கார்பேட்டாப் பகுதியின் நாயக் மக்கள் வெள்ளையர் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். இரத்தமும் சதையுமாய் வாழ்ந்து மடிந்தவர்கள் அவர்கள். ஆயினும் நாடறிந்த கதை பீமன் கதைதான்!

"புராணம் தவறாகவே இருக்கட்டும், நல்ல நோக்கத்துக்கு அதைப் பயன்படுத்தினால் என்ன?" என்பது அடுத்த கேள்வி. இதற்கு வரலாறு ஒரு கூர்மையான விடை வைத்திருக்கிறது. 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம், ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அப்போது தமிழ்நாட்டில் தீண்டாமை ஒழிப்புப் பயணம் செய்துகொண்டிருந்த காந்தியார், அதே மாதம் 24ஆம் நாள் திருநெல்வேலியில் பேசுகையில், அது தீண்டாமைப் பாவத்துக்கு ஆண்டவன் தந்த தண்டனை என்ற தம் நம்பிக்கையை வெளியிட்டார். நோக்கம் நல்லது, தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு இரு கருத்து ஏது? ஆனால் வங்கக் கவி தாகூர் மறுத்தார். இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கைக் காரணமே உண்டு என்றார். அதைவிடக் கூரிய ஒன்றையும் சுட்டிக்காட்டினார்: இதே வாதத்தை எதிரிகளும் கையாளலாமே, தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டதால்தான் தெய்வம் சினந்தது என்று சனாதனிகள் சொன்னால் என்ன மறுமொழி? காந்தியார் தம் 'ஹரிஜன்' இதழில் தாகூரின் மறுப்பையும் வெளியிட்டு, தம் நம்பிக்கையிலேயே நின்றார்.

நாம் கற்க வேண்டியது யாது? தெய்வத்தின் சினம் எவன் கைக்கும் பொருந்தும் தடி. நல்லவன் எடுத்தால் தீமையை அடிப்பான். தீயவன் எடுத்தால் நன்மையை அடிப்பான். தடிக்கு வேறுபாடு தெரியாது. மடிந்த பீகார்க் குழந்தைகள் எந்தத் தீண்டாமையைக் கடைப்பிடித்தன? நல்ல நோக்கத்துக்கு நல்ல காரணங்கள் ஏராளம் உண்டு. தீண்டாமை மனிதனை மனிதன் இழிவு செய்வது. அதனால் அது ஒழிய வேண்டும். நிலம் நடுங்கினாலும் ஒழிய வேண்டும். நடுங்காவிட்டாலும் ஒழிய வேண்டும்!

இனி இன்றைய நிலைக்கு வருவோம். கரை அரிப்பது அழகு மட்டுமன்று. அசாமில் பிரம்மபுத்திராவின் நடுவே மாஜுலி என்னும் தீவு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1,200 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருந்தது. இன்று அதில் பாதியும் இல்லை. வயலும் வீடும் ஆற்றோடு போயின. 1950 ஆகஸ்டு 15இல் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்குப் பின், மலைச்சரிவுகளிலிருந்து வந்த வண்டல் ஆற்றின் படுகையை உயர்த்த, ஆறு பக்கவாட்டில் கரையைத் தின்னத் தொடங்கியது. "விதி" என்று சொல்லிவிட்டால் அழுவதைத் தவிர வேலையில்லை. காரணம் தெரிந்தால் எங்கே தடுப்பது, யாரை எப்போது இடம் பெயர்ப்பது, யாருக்கு எவ்வளவு நிலம் கொடுப்பது என்ற கேள்விகள் பிறக்கும். அந்தக் கேள்விகளுக்கு ஆட்சியாளர் விடை சொல்லியாக வேண்டும்.

நம் வீட்டு வாசலுக்கே வருவோம். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம். திருச்சியில் பழைய கொள்ளிடப் பாலத்தின் ஒரு பகுதி சரிந்தது. அதே மாதம் 22ஆம் நாள் முக்கொம்பில், 1836இல் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்தன. ஆற்றின் அடிமணலை அளவின்றி அள்ளியதும் இதற்கு ஒரு காரணம் என்று உழவர்களும் சூழலியலாளர்களும் குற்றஞ்சாட்டினர். ஆற்றின் கணக்கு எளியது: படுகையில் மணல் குறைந்தால் நீர் ஆழத்தைத் தேடும், அடித்தளம் வெளிப்படும், தூணின் கால் நழுவும், கரையின் அடி அரிக்கப்படும். கங்கனியிலே இயற்கை ஆயிரம் ஆண்டில் செய்த வேலையைப் பொக்லைன் எந்திரம் சில ஆண்டில் செய்துவிடும். அவ்வாறு கரை உடைந்த நாளில் "வருண பகவான் சீற்றம்" என்று எவராவது சொன்னால், அச்சொல் யாரைக் காப்பாற்றுகிறது? வருணனையா? அவன் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படப் போவதில்லை. மணல் அள்ளியவனைக் காப்பாற்றுகிறது, அனுமதித்தவனைக் காப்பாற்றுகிறது, பராமரிக்கத் தவறியவனைக் காப்பாற்றுகிறது!

எனவேதான் சொல்கிறோம்: காரணம் அறிவது வெறும் அறிவு வேட்கையன்று, அது ஓர் அறக்கடமை. காரணம் மறைக்கப்படும் இடத்தில் இருவர் மறைகிறார்கள். தீமை செய்தவன் தண்டனைக்குத் தப்பி மறைகிறான். நன்மை செய்தவன் புகழ் பெறாமல் மறைகிறான். உடைத்தவனும் தெரிவதில்லை, அடைத்தவனும் தெரிவதில்லை. இதைவிடப் பெரிய கேடு வேறென்ன வேண்டும்?

ஆயினும் பிட்டுக் கதையை முழுதும் வீசிவிடச் சொல்லவில்லை. அதில் ஓரிடம் பொன்னானது. கூலியாள் ஒருவன் முதுகில் விழுந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது என்கிறதே, அந்த இடம்! அற்புதமாக அது என்றும் நடந்ததில்லை. நடந்திருந்தால் கூலியாளை எவனும் அடித்திருக்கமாட்டான். முதல் பிரம்படியிலேயே அரசன் திருந்தியிருப்பான். உண்மை உலகில் அடி விழுந்தவனுக்கு மட்டும்தான் வலிக்கிறது. ஆகவே தெய்வம் செய்யாததை நாம் செய்ய வேண்டியிருக்கிறது. மாஜுலியில் நிலமிழந்தவனின் வலி மதுரையில் உறைக்க வேண்டும். ஊதியமின்றி மண் சுமந்தவனின் வலி உண்டு உடுத்து வாழ்பவனுக்கு உறைக்க வேண்டும். அற்புதத்தால் வராத அந்த உணர்வை அறிவால், அமைப்பால், சட்டத்தால் உண்டாக்குவதுதான் பகுத்தறிவு இயக்கத்தின் பணி.

இளைஞர்களே! கங்கனிக்குச் சென்றால் அதன் எழிலில் திளையுங்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? அந்தச் செஞ்சுவரைத் தொட்டு, எத்தனை மழை இதைத் தீட்டியது என்று எண்ணுங்கள். அந்தப் பிளவு விழுங்கிய வயல் எவனுடையது என்றும் எண்ணுங்கள். ஆவுடையார்கோவிலுக்குச் சென்றால் கொடுங்கையை அண்ணாந்து பார்த்து, உளி பிடித்த கைக்கு வணக்கம் செலுத்துங்கள். உங்கள் ஊர் ஆற்றில் கரை உடைந்தால், தேங்காய் உடைக்க ஓடாதீர்கள். படுகையில் இறங்கிப் பாருங்கள். மணல் எங்கே போயிற்று, மதகு ஏன் சாய்ந்தது, மண் சுமக்க வந்தவர்களுக்குக் கூலி கிடைத்ததா என்று கேளுங்கள். வாயடக்கும் பெயர் எதைச் சொன்னாலும் அடங்காமல், மீண்டும் மீண்டும் கேளுங்கள்:

கரையை உடைத்தவர் யார்? கரையை அடைத்தவர் யார்?